வண்டிக் கதவின் தாழ்

ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்றும் தென்காசி வட்டாரத்துக்குச் சாரல் மாதங்கள். மேற்கே மலைத்தொடர் சற்றே தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நுழைகிறது. மழை என்று சொல்லவும் இயலாமல், பனி என்று தள்ளவும் இயலாமல், ஒரு நீர்த்தூவல் நாள் முழுவதும் காற்றில் அலைகிறது. அந்த நாட்களில் குற்றாலத்துப் பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் மோட்டார் வண்டிகள் எறும்பு வரிசைபோல ஊர்கின்றன. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் மலைக்கு அப்பால் கொல்லத்திலிருந்தும் வந்தவர்கள் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஐந்து கிளையாக விழும் அந்த நீருக்குத் தலையைக் கொடுக்கிறார்கள்.

அருவியைப் பற்றிப் பேச ஆட்கள் குறைவில்லை. குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் முதல், குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-ஆம் ஆண்டில் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வரை எத்தனையோ பேர் அந்த அழகில் தோய்ந்தவர்கள். நான் இன்று சொல்ல வந்தது, அருவிக்கரையில் நனைந்தபடி நிற்கும் அந்த வண்டிகளின் கதவைப் பற்றி. இன்னும் குறுக்கிச் சொன்னால், கதவின் தாழைப் பற்றி. கையால் தள்ளிய தாழ், மின்விசையால் நகரும் தாழாக மாறிய வரலாறு அது. சிறிய வரலாறுதான். ஆனால் பூட்டிய வண்டிக்குள் ஓர் உயிர் அகப்பட்டுக்கொள்ளும்போது அது சிறிதாகத் தோன்றுவதில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தாழ் வேறு, பூட்டு வேறு. கதவைச் சட்டத்தோடு பிணைத்து நிறுத்துவது தாழ். அந்தத் தாழைப் பிறர் நீக்கிவிடாதபடி காப்பது பூட்டு. தாழ் என்பது மிகப் பழைய தமிழ்ச் சொல். திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே அது இடம்பெறுகிறது. பூட்டைத் திறக்கும் கருவிக்குத் தாழக்கோல் என்றும் திறவுகோல் என்றும் பெயர்கள் இருந்தன. பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தார்கள். அலமாரியும் சன்னலும் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்ததுபோலவே, சாவி என்ற சொல்லும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் மட்டும் இன்றும் அதைத் திறப்பு என்றே சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின்மேல் தனிப்பட்ட ஆசை உண்டு. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் பயன்படும் ஒரே கருவிக்கு, திறக்கும் தொழிலை வைத்துப் பெயரிட்ட மனம் நல்ல மனம்.

திருமறைக்காட்டுத் திருக்கதவின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேதாரணியம் என்று இன்று வழங்கும் அத்தலத்தில், வேதங்கள் வழிபட்டு அடைத்துப்போன கதவு நெடுங்காலம் திறவாமலே கிடந்ததாம். திருநாவுக்கரசர் பதிகம் முழுவதையும் பாடிய பிறகே அது திறந்தது. திருஞானசம்பந்தர் முதற்பாட்டைப் பாடியவுடனேயே அது மூடிக்கொண்டது என்பது மரபு. பக்தர்கள் இதற்கு உயர்ந்த பொருள் கூறுவார்கள். நான் கதவுக்காரன் கண்ணோடு பார்க்கிறேன். மூடுவது எளிது, திறப்பது அரிது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கொல்லனும் சொன்னதில்லை.

பூட்டின் வரலாறு எகிப்து நாட்டில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மரத்தாலான தாழ் ஒன்று. அதன்மேல் தம் எடையினாலேயே விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும் மர முளைகள். அம்முளைகளை ஒருசேரத் தூக்கிவிடும் பல்வைத்த மரத்திறவுகோல். பிற்காலத்தில் வந்த பூட்டுகள் பலவும் இந்தக் கருத்தின் பிள்ளைகளே. இங்கிலாந்தில் 1778-இல் ராபர்ட் பாரன் என்பவர் நெம்புதகடுகளை வைத்துப் பூட்டைக் கடினமாக்கினார். 1784-இல் ஜோசப் பிராமா தம் பூட்டுக்கு உரிமம் பெற்றார். 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச்சாவியால் ஒரு திருட்டு நடக்க, அரசாங்கம் புதிய பூட்டு ஒன்றைக் கேட்டுப் போட்டி வைத்தது. அடுத்த ஆண்டில் சப் என்பவரின் பூட்டு பிறந்தது. கள்ளச்சாவி நுழைந்தால் சிக்கிக்கொண்டு உடையவனுக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது.

இவ்விரு பூட்டுகளும் பல ஆண்டுகள் எவர்க்கும் அசையாமல் இருந்தன. பிராமாவின் கடைச் சன்னலில், இதைத் திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்று எழுதியே வைத்திருந்தார்கள். 1851-இல் லண்டன் மாநகரில் பெருங் கண்காட்சி நடந்தபோது அமெரிக்கர் ஹாப்ஸ் என்பவர் வந்தார். சப்பின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடத்தில் திறந்தார். பிராமாவின் பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் உழைக்கவேண்டியிருந்தது, ஆனாலும் திறந்துவிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1861-இல், இளைய லைனஸ் யேல் பழைய எகிப்திய முளைக் கருத்தையே எடுத்து, எஃகு முளையும் சுருள்வில்லும் வைத்து, தட்டையான சிறு சாவியால் திறக்கும் பூட்டுக்கு உரிமம் பெற்றார். இடுப்பில் தொங்கிய கனத்த சாவி, சட்டைப்பைக்குள் அடங்கியது அதன் பிறகுதான்.

நம் நாட்டில் இரும்புப் பூட்டு என்றதும் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. வடக்கே அலிகார், தெற்கே திண்டுக்கல். பம்பாயில் அர்தேசிர் கோத்ரெஜ் 1897-இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கியதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். தென்பாண்டி நாட்டு வீடுகளின் தலைவாசலிலும், நெற்களஞ்சியத்திலும், கோயில் உக்கிராணத்திலும் தொங்கியவற்றில் திண்டுக்கல் பூட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது. மாங்காய் வடிவில் ஒன்று, சாவியைத் திருப்பும்போதெல்லாம் மணி ஒலிக்கும் மற்றொன்று எனப் பலவகை. உள்ளே இருக்கும் நெம்புதகடுகளைக் கைவினைஞர் ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, சாவிக்குப் பொருத்துவர். ஆகவே ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேர்வது அரிது. 2019-இல் இப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த வேளையில் கைவினைஞர் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது என்பதுதான் வருத்தம்.

இந்த மணிப்பூட்டை நான் ஒரு காரணத்தோடு நினைவூட்டுகிறேன். பூட்டினோமா, திறந்தோமா என்பதைக் காதுக்குச் சொல்லும் பூட்டு அது. இன்றைய வண்டிக்குள் தாழ் நகரும்போது எழும் ‘டக்’ என்ற ஒலியும் அதே வேலையைச் செய்கிறது. அந்த ஒலியைக் கேட்கப் பழகியவன் பாதிப் பழுதுகளைக் கதவைக் கழற்றாமலே கண்டுபிடித்துவிடுவான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்குக் கதவே கிடையாது. கதவு வந்த பின்னும் பூட்டு வரவில்லை. மேலே திறந்து கிடக்கும் வண்டிக்குப் பூட்டு எதற்கு? 1920-களில் கூரையும் கண்ணாடியும் வைத்து நாற்புறமும் மூடிய வண்டிகள் பெருகின. அப்போதுதான் கதவுக்கு வெளியே சாவித்துளையும், உள்ளே தாழை நிறுத்தும் குமிழும் வழக்கமாயின. திருடனைத் தடுப்பதே அக்காலத்து நோக்கம். விபத்தின்போது கதவு தானே திறந்துகொண்டு ஆள் வெளியே எறியப்படுகிறான் என்பதும், உயிர்ச்சேதத்துக்கு அது பெருங் காரணம் என்பதும் 1950-களில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிந்தன. ஃபோர்டு நிறுவனம் 1956-ஆம் ஆண்டு வண்டிகளில் எளிதில் கழலாத தாழை வைத்து, அதைக் காப்புக் கருவி என்றே விளம்பரம் செய்தது. 1968 முதல் அந்நாட்டில் கதவுத்தாழின் வலிமைக்குச் சட்டமே வந்தது. இவ்வாறு வண்டித் தாழுக்கு இரட்டைக் கடமை ஏற்பட்டது. வெளியார் உள்ளே வரக்கூடாது. உள்ளிருப்பவர் வெளியே விழக்கூடாது. மூன்றாவது கடமை ஒன்றும் உண்டு. உள்ளிருப்பவர் வேண்டும்போது வெளியே வரவேண்டும். இந்த மூன்றாவதைத்தான் மின்விசை வந்தபோது பலரும் மறந்தார்கள்.

நம் நாட்டில் நெடுங்காலம் அந்த மறதிக்கு வாய்ப்பு இல்லை. உத்தரபாராவில் உற்பத்தியாகி 2014 வரை வெளிவந்த அம்பாசடர் வண்டியை நினைத்துப் பாருங்கள். நான்கு கதவுக்கும் நான்கு தாழ். நான்கையும் கையால்தான் பூட்டவேண்டும். ஓட்டுபவர் தம் இருக்கையிலிருந்தே உடம்பை வளைத்துப் பின்கதவுவரை கையை நீட்டிக் குடும்பத்தாரைத் திட்டிக்கொண்டே பூட்டுவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தொல்லைதான். ஆனால் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும்.

மின்விசைத் தாழ் முதன்முதலில் 1914-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ்-பூத் வண்டியில் எட்டிப் பார்த்தது, பிறகு மறைந்தது. 1956-இல் பேக்கார்டு நிறுவனம் அதை மீண்டும் கொண்டுவந்தது. தன் கடைசிக் காலத்தில் அந்நிறுவனம் விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்று என்று இதைச் சொல்லலாம். இரண்டே ஆண்டுகளில் பேக்கார்டு என்ற பெயர் சந்தையிலிருந்து போய்விட்டது. முதலில் வந்தவற்றில் கம்பிச்சுருளுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, காந்த விசையால் ஓர் இரும்புத் தண்டை இழுக்கச் செய்தார்கள். ஐரோப்பியர் சிலர் மின்சாரத்துக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும் குழாய்களைக் கதவுக்குக் கதவு ஓட்டினார்கள். இறுதியில் நிலைத்தது சிறு மோட்டார். கட்டைவிரல் அளவுள்ள மோட்டார் ஒன்று. அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். சக்கரம் திரும்பும்போது முன்னும் பின்னும் நகரும் ஒரு தண்டு. தண்டோடு பிணைத்த கம்பி. கம்பியின் மறுமுனையில் தாழ். வண்டியின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் தாழ் பூட்டும். திசையை மாற்றிப் பாய்ச்சினால் திறக்கும். ஓட்டுபவர் கதவில் பூட்டினால் நான்கும் பூட்டிக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் இதை ‘சென்ட்ரல் லாக்’ என்பார்கள். நம் ஊர்களில் இது பரவியது 1990-களில்தான்.

தூரத்திலிருந்தே திறக்கும் வித்தையைப் பிரெஞ்சு நாட்டின் ரெனால்ட் நிறுவனம் 1982-இல் ஃபியூகோ என்ற வண்டியில் வைத்து விற்றது. பிறகு வானொலி அலையால் இயங்கும் ரிமோட்டுகள் வந்தன. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் புதுப்புது மறைகுறியை அவை அனுப்பும். அவற்றுள் புகழ்பெற்ற ‘கீலாக்’ என்ற முறையை 2007, 2008 ஆண்டுகளில் ஐரோப்பிய, இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். ஹாப்ஸ் செய்த வேலைதான். கருவிப்பெட்டி மட்டும் மாறிவிட்டது.

இனி ஐந்தருவிக்குத் திரும்புவோம். சாரலுக்கும் மின்தாழுக்கும் என்ன பகை? வண்டிக் கதவு நீர் புகாத பெட்டி என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. கண்ணாடி ஏறி இறங்கும் பிளவின் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வடிவமைத்தவர்களுக்கும் அது தெரியும். ஆகையால்தான் கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று வடிதுளைகளை வைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய நீர் அவற்றின் வழியே சொட்டிவிட வேண்டும். புளியமரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைத்துணுக்குகள் நீரோடு இறங்கி, சாலைச் சேற்றோடு கலந்து, அத்துளைகளை அடைத்துவிடுகின்றன. அடைத்தால் கதவின் வயிற்றில் நீர் நிற்கிறது. நாளெல்லாம் கேட்கும் ‘களக் களக்’ ஒலியை வண்டிக்காரர் அருவியின் ஒலியென்று நினைத்துக்கொள்கிறார்! ஈரம் மோட்டாருக்குள் ஏறுகிறது. இணைப்புகளில் களிம்பு பூக்கிறது. தண்டு துருவில் சிக்குகிறது.

இன்னொரு நலிந்த இடம் கதவின் கீல் பக்கம். வண்டியின் உடலிலிருந்து கதவுக்குள் செல்லும் மின்கம்பிகள் ஒரு ரப்பர் உறைக்குள் அடங்கி அங்கே செல்கின்றன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை வளைந்து நிமிர்கின்றன. ஆயிரக்கணக்கான முறை வளைந்த கம்பி உறைக்குள்ளேயே ஒருநாள் அறுந்துபோகும். கதவு பாதி திறந்திருக்கும்போது தாழ் வேலை செய்து, முழுதும் மூடியதும் செயலற்றுப்போனால், குற்றவாளி அநேகமாக இந்தக் கம்பியே.

முன்பு சொன்ன ஒலிக்கு வருகிறேன். நான்கு கதவுகளுமே அசையாவிட்டால் பியூசையோ, ரிலேயையோ, மின்கலத்தையோ பார்க்க வேண்டும். ஒரு கதவு மட்டும் அசையாவிட்டால் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஒலி வருகிறது, குமிழ் நகரவில்லை என்றால் மோட்டார் சுற்றுகிறது. பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கம்பி கழன்றிருக்கும். ஒலியே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் போய்விட்டது. பூட்டிய மறுகணமே எல்லாக் கதவும் தாமே திறந்துகொள்கின்றன என்றால், ஓட்டுபவர் கதவின் தாழ் எந்த நிலையில் உள்ளது என்று அறிவிக்கும் சிறு விசை பொய்ச் சாட்சி சொல்கிறது. பேய் பிடித்த வண்டி என்று விற்றுவிட நினைத்தவர்களை நான் அறிவேன். இறுகிப்போன சாவித்துளைக்குத் தேங்காயெண்ணெய் விடுவதும் நம் வழக்கம். வேண்டாம். அது தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். காரீயத்தூள் எனப்படும் கிராஃபைட் பொடி போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் நாளில் ஐந்தருவி வண்டித்துறையில் நான் கண்டதைச் சொல்லவேண்டும். ஒரு குடும்பம் நீராட இறங்கியது. வயதான ஆச்சி ஒருவர், குளிர் ஆகாது என்று வண்டியின் பின்னிருக்கையிலேயே இருந்துகொண்டார். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் கண்ணாடிகளை ஏற்றி, சாரல் உள்ளே அடிக்கும் என்று கதவைச் சாத்தி, நடந்துகொண்டே பழக்கத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டார். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரைஞாணில் முடிந்துகொண்டு அருவிக்குள் போனார். திரும்பி வரும்போது உறைக்குள் நீர். பொத்தானை அழுத்துகிறார், வண்டி பேசவில்லை.

ஆச்சி உள்ளிருந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்கிறார். பின்கதவு இரண்டிலும் குழந்தைத் தாழ் போட்டிருந்தது. குழந்தைகள் ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிடாதிருக்க, உட்கைப்பிடியைச் செயலற்றதாக்கும் சிறு நெம்பு அது. கண்ணாடியை இறக்கும் பொத்தானுக்கோ மின்சாரம் இல்லை. முன்னிருக்கைக்குத் தாவும் வயது அவருக்கு இல்லை. கண்ணாடி உட்புறம் ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதில் ஆச்சி உள்ளங்கையால் துடைத்த வட்டத்தில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. குழந்தை விழித்து அழத் தொடங்கியது. “அம்மா, பயப்படாதீங்க, இந்தா திறந்திருதேன்” என்று மகன் வெளியே நின்று கத்துகிறார், கல்லைத் தேடுகிறார்.

தென்காசியிலிருந்து வேறு வண்டிக்குப் பழுது பார்க்க வந்திருந்த ஒரு மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அண்ணாச்சி, கல்லைக் கீழ போடுங்க. அந்த ரிமோட்டை இங்க தாங்க” என்றார். அதன் பக்கத்தில் இருந்த ஒரு சிறு குமிழை நகத்தால் தள்ளினார். உள்ளேயிருந்து தட்டையான இரும்புச்சாவி ஒன்று வெளிவந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் அதை வியப்போடு பார்த்தார். மூன்று ஆண்டுகள் அதை இடுப்பிலும் பையிலும் சுமந்தவர் அவர். மெக்கானிக், ஓட்டுபவர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் மூடியிருந்த சிறு தகட்டை நெம்பினார், அடியில் சாவித்துளை. சாவி திரும்பியது, கதவு திறந்தது. உடனே எச்சரிக்கை ஒலி அலறத் தொடங்கி, குழந்தையின் அழுகையை இரட்டிப்பாக்கியது.

அதோடு முடியவில்லை. உள்ளிருந்து எல்லாக் கதவையும் திறக்கும் விசையை அழுத்தியபோது இரண்டு கதவுகள் திறந்தன. ஆச்சி சாய்ந்திருந்த இடப்புறப் பின்கதவு மட்டும் அசையவில்லை, ஒலியும் இல்லை. அவர் உள்ளே கையை விட்டு அந்தக் கதவின் குமிழைக் கையாலேயே தூக்கிவிட்டு, சுற்றிவந்து வெளிக்கைப்பிடியால் திறந்தார். குழந்தைத் தாழ் உட்கைப்பிடியைத்தான் தடுக்கும், வெளிக்கைப்பிடியைத் தடுக்காது. ஆச்சியை இறக்கி உட்காரவைத்துச் சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்த பிறகு, அந்தக் கதவின் அட்டையைக் கழற்றிக் காட்டினார். அடியில் நாலு விரல் ஆழத்துக்குப் பழுப்பு நீர் நின்றது.

அன்று குளிர்ந்த நாள். அதனால் அது ஓர் அச்சத்தோடு போயிற்று. வெயில் காலமாயின் கணக்கு வேறு. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் முதற் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் ஏறிவிடும். சிறு குழந்தையின் உடல் வளர்ந்தோர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடாகும். அத்தகைய வேளையில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்பது தவறு. குழந்தைக்கு எட்டத்தில் உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடைக்க வேண்டும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் மணிமணியாக உதிரும் இனம். முன்கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே பசைத்தாள் வைத்தது; அதை அடித்துப் பயனில்லை.

பெரிய மனிதர்களும் தப்பவில்லை. 2003 மே மாதத்தில் தாய்லாந்து நாட்டின் நிதியமைச்சர் சுசார்ட் பாங்காக் நகரில் தம் அரசாங்க வண்டிக்குள் அகப்பட்டார். வண்டியின் கணிப்பொறி நின்றுபோக, தாழும் கண்ணாடியும் குளிர்கருவியும் ஒருங்கே செயலிழந்தன. காவலர் சம்மட்டியால் கண்ணாடியை உடைத்து அவரை மீட்டார்கள். 2015 சூன் மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் ஆர்தர் என்ற ஊரில், 72 வயது முதியவர் ஒருவரும் அவருடைய நாயும் வண்டிக்குள்ளேயே வெப்பத்தால் இறந்தார்கள். மின்கலத்தின் கம்பி ஒன்று தளர்ந்து மின்தாழ் நின்றுவிட்டது. கையால் இழுத்துத் திறக்கும் நெம்பு அவ்வண்டியில் இருக்கையின் பக்கத்திலேயே இருந்தது. அது இருக்குமிடம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஐந்தருவி ஆச்சியின் கண்கள்தாம் நினைவுக்கு வந்தன.

நம் பக்கத்திலும் நீர் ஒரு பெருஞ்சோதனை வைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாகியது. தாமிரவருணி கரையை மீறியது. தெருவில் நின்ற வண்டிகள் கூரைவரை மூழ்கின. மூழ்கிய வண்டியின் மின்தாழ் சிறிது நேரம் வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். நீர் கதவின் பாதியளவு ஏறிவிட்டால், தாழ் நீங்கினாலும் வெளிநீரின் அழுத்தம் கதவைத் திறக்கவிடாது. ஆகையால் வெள்ளத்தில் இறங்க நேர்ந்த வண்டியில், மின்சாரம் உயிரோடு இருக்கும்போதே முதலில் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும்.

இந்த வரலாற்றில் இப்போது ஒரு திருப்பம் காண்கிறோம். கைப்பிடியே வெளியே தெரியாமல் கதவோடு ஒட்டி மறையும் மின்வண்டிகள் பெருகியபின், சீன நாட்டில் விபத்துகளின்போது கதவைத் திறக்க இயலாத நிலை பற்றிக் கவலை எழுந்தது. மின்சாரம் இல்லாமலும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையால் திறக்கும் வழி ஒவ்வொரு கதவிலும் இருந்தாக வேண்டும் என்ற விதியை அந்நாட்டு அரசு 2026-இல் வெளியிட்டது. 2027 சனவரி முதல் அது நடைமுறைக்கு வருவதாக அறிவித்தது. எகிப்தியன் மரமுளையைத் தூக்கிய கைக்கு மீண்டும் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

தென்காசிப் பட்டறைகளில் இதற்கெல்லாம் சட்டம் வேண்டியிருக்கவில்லை. சாரலுக்கு வண்டி எடுத்துவருவோரிடம் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியை எடுக்கத் தெரியுமா என்பது. அடுத்தது, ஓட்டுபவர் கதவின் சாவித்துளையைக் கடைசியாக எப்போது திருப்பினீர்கள் என்பது. ஆண்டுக்கணக்கில் திரும்பாத துளை துருவில் இறுகி, வேண்டிய நாளில் சாவியையே ஒடித்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை ரிமோட்டை ஒதுக்கி, சாவியாலேயே திறந்து மூடச் சொல்கிறார்கள். ரிமோட்டின் மூன்று வோல்ட் வில்லைக்கலத்தை இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அருவிக்குப் போகும்போது ரிமோட்டை இடுப்பில் முடியாமல், கரையில் இருக்கும் ஒருவர் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஒருவரை வண்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

புரட்டாசி பிறந்து சாரல் அடங்கியதும் வண்டிகள் பட்டறைக்கு வரிசையாக வருகின்றன. கதவைத் திறந்து வைத்து, குனிந்து, அடிவிளிம்பில் உள்ள துளைகளைத் தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்துகிறார்கள். முதலில் புளிய இலை வருகிறது; பிறகு செம்மண்; பிறகு, அடைபட்டுக் கிடந்த நீர் கோடாக ஒழுகிப் பட்டறைத் தரையில் ஓடுகிறது.